அம்மாவின் கண் ஆபரேஷனும் தாத்தா திதிக்கு வாங்கிய போர்வைகளும்

சொந்தங்கள் எல்லாருக்கும் வணக்கம். ஆளாளுக்குப் போன் செய்து விசாரிக்கிறீர்கள். மொத்தமாக இங்கேயே எழுதிவிடுகிறேன்.

இன்று காலை மதுரை அரவிந்த் கண் மருத்துவமனையில் அம்மாவுக்கு வலது கண் புரை ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. லென்ஸ் வைத்தாயிற்று. 1976இல் டாக்டர் வெங்கடசாமி 11 படுக்கைகளோடு தொடங்கிய இடம். இன்றைக்கும் அவ்வளவு கூட்டத்திலும் எல்லாம் வரிசைப்படி நடக்கிறது. கறுப்புக் கண்ணாடியோடு வெளியே வந்ததும் அம்மா கேட்ட முதல் கேள்வி, "போர்வை வாங்கியாச்சா?"

அப்புறம் சித்தப்பா அம்மாவை வீட்டுக்குக் கூட்டிப் போக, நானும் மதினியும் விளக்குத்தூண் பக்கம் போனோம். தாத்தா திதிக்கு முதியோர் இல்லத்தில் கொடுக்க 40 போர்வை, 40 துண்டு. மதினி ஒவ்வொரு போர்வையையும் விரித்து, வெளிச்சத்தில் பிடித்து, ஓரத் தையலை இழுத்துப் பார்த்துத்தான் எடுத்தார். தானம்தானே என்று மட்டமானதைக் கொடுக்கவே கூடாது. நைட்டியும் வேட்டியும் பாக்கி. பங்கு தருகிறவர்கள் வெள்ளிக்குள் சித்தப்பாவிடம் கொடுத்துவிடுங்கள்.

அம்மாவைப் பார்க்க ஒரு வாரம் கழித்து வாருங்கள். கண்ணில் தண்ணீர் படக் கூடாது, கசக்கக் கூடாது. சின்னப் பிள்ளைகள் ஓடிவந்தால் அம்மா தூக்காமல் இருக்க மாட்டார். இப்போதைக்குக் குனிந்து பாரம் தூக்கவும் கூடாது.