சாப்பிடாதவளுக்கு எதுக்குடா ஊசி?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

சளிக்காய்ச்சல் பரவுவதைப் பற்றி சென்ற வாரம் நீங்கள் போட்ட கட்டுரையைப் படித்தேன். முகக்கவசம், கைகழுவுவது, வெந்நீர் எல்லாம் சரி. கடைசியில் 'சர்க்கரை நோயாளிகள் கூடுதல் கவனமாக இருக்க வேண்டும்' என்று ஒரே வரியில் முடித்துவிட்டீர்கள். என்ன கவனம் என்று சொல்லவே இல்லையே! அது தெரியாமல்தான் போன மார்கழியில் எங்கம்மாவைப் பறிகொடுக்கப் பார்த்தோம்.

நான் பாலக்கோடு தக்காளி மண்டியில் கணக்கு எழுதுகிறவன், விடியும் முன் போனால் மதியம்தான் வீடு. அம்மாவுக்கு 64 வயது, சர்க்கரை வந்து 12 வருடம், இப்போது காலையும் ராத்திரியும் இன்சுலின். அந்தப் பனியில் சளி பிடித்து, காய்ச்சலாகி, வாய் கசந்து சாப்பாடே இறங்கவில்லை. "சாப்பிடாதவளுக்கு எதுக்குடா ஊசி, சர்க்கரை இறங்கிடும்" என்று அவரே நிறுத்திவிட்டார். எனக்கும் அது நியாயமாகத்தான் பட்டது. களியை மோரில் கரைத்துக் கொடுத்தோம், கேழ்வரகு சர்க்கரையை ஏற்றாது என்று எங்கள் பக்கம் ஒரு நம்பிக்கை (கூழாகக் கரைத்தால் அதுவும் நன்றாகவே ஏற்றும் என்று பிறகுதான் தெரிந்தது). அப்புறம் நான் செய்த புத்திசாலித்தனம், மெடிக்கலில் போய் 'காய்ச்சல், சளி, உடம்பு வலி' என்று சொல்லி மூன்று வேளைக்குச் செட் மாத்திரை வாங்கி வந்தது. அட்டையிலிருந்து வெட்டி எடுத்து, பெயரே தெரியாமல் காகிதத்தில் மடித்துத் தருவார்களே, அதுதான். ஒரு வேளை போட்டதுமே அம்மா எழுந்து உட்கார்ந்து காபி கேட்டார். மறுநாள் இன்னொரு செட் வாங்கினேன்.

மூன்றாம் நாள் ராத்திரி ஆறேழு தடவை சிறுநீருக்கு எழுந்தார். நாக்கு காய்ந்து ஒட்டிக்கொண்டது, வாந்தி, மூச்சு புஸ் புஸ்ஸென்று வாங்கியது. சளிதான் நெஞ்சில் இறங்கிவிட்டது என்று நினைத்தோம். வீட்டுக் கருவியில் விரலைக் குத்திப் பார்த்தால் எண்ணே வரவில்லை, 'ஹை' என்று மட்டும் காட்டியது. 600-ஐத் தாண்டினால் அது அப்படித்தான் காட்டுமாம். 108-ஐக் கூப்பிட்டு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். சிறுநீரில் கீட்டோன் ஏறியிருந்தது (இன்சுலின் போதாதபோது உடம்பு கொழுப்பை எரிப்பதால் சேருகிற அமிலமாம்), ஐந்து நாள் படுக்கை.

மடித்த காகிதத்தில் மீதியிருந்த மாத்திரைகளை டாக்டர் பிரித்துப் பார்த்து, ஒரு குட்டி வெள்ளை மாத்திரையைத் தனியே ஒதுக்கினார். டெக்சாமெத்தசோன், ஸ்டீராய்டு. காய்ச்சலையும் வலியையும் சட்டென்று அமுக்கும், சர்க்கரையையும் அதே வேகத்தில் ஏற்றும். சீட்டு இல்லாமல் கொடுக்கவே கூடாத மருந்து அது. கொரோனாவில் இதே மருந்து உயிர் காப்பாற்றியது என்று 2020 ஜூனில் பிரிட்டன் ஆய்வில் தெரிந்தது உண்மைதான், ஆனால் ஆக்சிஜன் தேவைப்பட்டவர்களுக்குத்தான், மற்றவர்களுக்குப் பலன் இல்லை. நம் ஊரில் அந்தப் பாதியை விட்டுவிட்டு மருந்தை மட்டும் பிடித்துக்கொண்டோம். 2021-இல் கரும்பூஞ்சை வந்தவர்களில் பெரும்பாலானோர் சர்க்கரைக்காரர்கள், நிறையப் பேர் ஸ்டீராய்டும் எடுத்தவர்கள் என்பதை அதற்குள் மறந்துவிட்டோம்.

சாப்பிடாமலே எப்படிச் சர்க்கரை ஏறும் என்று கேட்டேன். உடம்பு கிருமியோடு மல்லுக்கட்டும்போது கார்டிசால், அட்ரினலின் என்ற ஹார்மோன்கள் எல்லாம் சுரந்து, ஈரல் தன்னிடம் சேர்த்து வைத்த சர்க்கரையை ரத்தத்தில் கொட்டுமாம். மண்டிக்காரனுக்குப் புரிகிற மாதிரி சொன்னால், வரத்து இல்லை, ஆனால் குடோனிலிருந்து லோடு லோடாக இறங்குகிறது. அதனால்தான் காய்ச்சல் நாளில் இன்சுலின் தேவை பல பேருக்குக் கூடத்தான் செய்யும். அளவை டாக்டரிடம் கேட்டு மாற்றலாம், நாமாக அடியோடு நிறுத்தக்கூடாது.

மாத்திரைக்காரர்கள் கதை வேறு. கிளிமிபிரைடு போட்டுக்கொண்டு பட்டினி கிடந்தால் சர்க்கரை ஒரேயடியாக இறங்கி மயக்கம் வரலாம். சர்க்கரையைச் சிறுநீர் வழியாக வெளியேற்றுகிற டாபாகிளிஃப்ளோசின், எம்பாகிளிஃப்ளோசின் வகை மாத்திரைகளை வாந்தி பேதி, சாப்பாடு இறங்காத நாட்களில் நிறுத்தி வைக்கச் சொல்கிறார்கள், ஏனென்றால் கருவியில் சர்க்கரை 200 என்று சாதுவாகக் காட்டும்போதே உள்ளே கீட்டோன் ஏறியிருக்கலாம். எம்பாகிளிஃப்ளோசினுக்கு 2025 மார்ச்சில் காப்புரிமை முடிந்து விலை சரிந்ததால் இப்போது எங்கள் தெருவிலேயே நாலைந்து பேர் அதைப் போடுகிறார்கள். இந்த விஷயம் அவர்களில் ஒருவருக்கும் தெரியவில்லை, நான் கேட்டுப் பார்த்தேன்.

மக்களைத் தேடி மருத்துவம் 2021 ஆகஸ்ட் 5 அன்று தொடங்கியதே பக்கத்துக் கிருஷ்ணகிரி மாவட்டத்துச் சாமனப்பள்ளியில்தான். வீடு தேடி மாத்திரை தருகிற நல்ல திட்டம், குறை சொல்ல மாட்டேன். அந்த மாத்திரையோடு ஒரு துண்டுச் சீட்டையும் சேர்த்துக் கொடுத்தால் என்ன? காய்ச்சல் வந்தால் நாலு மணி நேரத்துக்கு ஒருமுறை சர்க்கரை பாருங்கள், உப்புப் போட்ட கஞ்சித்தண்ணியோ மோரோ கொஞ்சம் கொஞ்சமாகக் குடித்துக்கொண்டே இருங்கள், எந்த மருந்தை விடலாம், எதை விடக்கூடாது என்று கேளுங்கள், வாந்தி நிற்கவில்லை, மூச்சு வாங்குகிறது, பேச்சு குழறுகிறது என்றால் காத்திருக்காமல் கிளம்புங்கள். இவ்வளவுதான், அரைப் பக்கம் கூட வராது.

அரசு செய்கிற வரைக்கும் நீங்களாவது செய்யலாம். அடுத்த முறை காய்ச்சல் கட்டுரை போடும்போது இதை ஒரு பெட்டிச் செய்தியாகப் பெரிய எழுத்தில் போடுங்கள். அம்மாவுக்குக் கண் சரியாகத் தெரியாது, வெட்டி ஃப்ரிட்ஜ் கதவில் ஒட்டி வைக்கிறேன்.

இப்படிக்கு,
ஒரு வாசகன்,
பாலக்கோடு, தருமபுரி மாவட்டம்.