ஒற்றைக் கைக்கும் ஒரு மிதவை: பாசிக்குடா, கல்குடாச் சுழியோடல் நிலையத்தாருக்கு ஒரு திறந்த மடல்

பாசிக்குடா, கல்குடா, மட்டக்களப்புக் கரைகளில் சுழியோடல் நிலையம் நடத்தும் ஐயாமாருக்கும், அங்கே வழிகாட்டிகளாக நிற்கும் தம்பிமாருக்கும் வணக்கம்.

சென்ற பருவத்தில் நடந்தது உங்களில் பலருக்குத் தெரியும். அன்றைக்குக் கரையில் நின்று வேடிக்கை பார்த்தவர்களில் பாதிப்பேர் நீங்கள்தான். அதனால் விரிவாகச் சொல்லப் போவதில்லை. காசு கட்டி, படிவம் நிரப்பி, சிலிண்டரையும் வள்ளத்தில் ஏற்றிய பிறகு என் இடது கையைப் பார்த்தார்கள். "அண்ணன், சொசேஜ் விட ஏலாத ஆளை இறக்க முடியாது" என்றார்கள். சொசேஜ் என்பது, மேலே வரும் முன் தண்ணீருக்குள்ளிருந்தே காற்று நிரப்பிக் கயிற்றோடு மேலே விடும் நீள மிதவைப் பை. ஏலாது என்று யார் சொன்னது? என்னிடம் கேட்கவில்லை. செய்து காட்டச் சொல்லவும் இல்லை. மணிக்கட்டுக்குக் கீழே கை இல்லை, பார்த்தது அவ்வளவுதான். காசைத் திருப்பித் தந்தார்கள், தேநீரும் தந்தார்கள். மரியாதையில் ஒரு குறையும் இல்லை.

மிதவை இல்லாமல் யாரும் இறங்கக் கூடாது என்ற விதியை நான் எதிர்க்கவில்லை. உங்களைவிட நான்தான் அதை உரத்துச் சொல்வேன். நம் கடல் எப்படி என்று உங்களுக்கு நான் பாடம் எடுக்கத் தேவையில்லை. கச்சான் காற்று எழும்பினால் மேலே மிதப்பதெல்லாம் கரையை விட்டு வெளியேதான் போகும். அலை நுரைக்கத் தொடங்கினால் நூறு மீற்றர் தள்ளி வந்த தலையை வள்ளத்திலிருந்து கண்டுபிடிப்பது பெரிய பாடு. 1942 ஏப்ரல் 9 அன்று யப்பானிய விமானங்கள் மூழ்கடித்த பிரித்தானிய விமானந்தாங்கிக் கப்பல் ஹெர்மிஸ் கிடப்பது ஏறத்தாழ 53 மீற்றர் ஆழத்தில். அங்கே போய்விட்டு ஏறுகிறவர் நடுவழியில் நின்று நின்றுதான் வர வேண்டும். பிடித்து ஏறும் நங்கூரக் கயிற்றைத் தவறவிட்டால் அந்த நேரம் முழுக்க நீரோட்டம் அவரை இழுத்துக்கொண்டே போகும். அவர் கீழே எங்கே இருக்கிறார் என்று போட் ஓட்டிக்குச் சொல்ல இருப்பது அந்தச் செம்மஞ்சள் பை ஒன்றுதான்.

ஆகவே எனக்கும் அது வேண்டும் என்கிறேன். என் கைக்கு ஏற்றபடி வேண்டும் என்கிறேன். கேட்பது இவ்வளவுதான்: ஒவ்வொரு நிலையத்திலும் ஒற்றைக் கையால் விடக்கூடிய மிதவைத் தொகுதி ஒன்றாவது இருக்கட்டும். வருகிறவரை அதைக் கொண்டு தண்ணீரில் செய்து காட்டச் சொல்லுங்கள். முடியாவிட்டால் திருப்பி அனுப்புங்கள், நானே தலையாட்டிவிட்டுப் போகிறேன்.

இப்போது நீங்கள் வாடகைக்குக் கொடுக்கும் சாமானைப் பாருங்கள். அடிப்பக்கம் திறந்த நீளப் பை, கயிறு சுற்றிய ஒரு ஸ்பூல், ஒரு கொக்கி. ஐந்து மீற்றரில் மூன்று நிமிடம் நிற்க வேண்டிய இடத்துக்கு வரும் முன் அதைச் சுருளவிழ்த்து, பையின் வாயை ஒரு கையால் விரித்துப் பிடித்து, மறு கையால் ஒக்டோபஸை, அதாவது சிலிண்டரிலிருந்து காற்றுத் தரும் உபரி வாய்க்கருவியை, உள்ளே நீட்டி அமுக்க வேண்டும். அப்போது ஸ்பூலை யார் பிடிப்பது? இரண்டு கை உள்ளவனுக்கே மூன்றாவது கை தேவைப்படும் வேலை இது. உங்கள் மாணவர்கள் ஸ்பூலைக் கைநழுவவிட்டு, அது கயிறு அவிழ அவிழக் கீழே போவதை நீங்கள் பார்த்ததில்லையா? நான் பார்த்திருக்கிறேன். சிரிக்கவும் செய்திருக்கிறேன்.

ஸ்பூலை ஜாக்கெட்டில் கொளுவிவிட்டால் போச்சே என்று ஒரு தம்பி யோசனை சொன்னார். கூடாது மனே. பத்து மீற்றரில் நிரப்பிய காற்று மேலே போகும்போது இரண்டு மடங்காகும். கயிறு சிக்கினால் பை உன்னையும் இழுத்துக்கொண்டுதான் மேலே போகும். மூச்சை அடக்கிக்கொண்டு அப்படி ஏறினால் நுரையீரல் கிழியும். உடம்பில் ஒன்றையும் கட்டாதே என்று எல்லாப் பயிற்சியிலும் சொல்லித்தருவது சும்மா இல்லை. ஒற்றைக் கைக்காரனின் சிக்கல் முழுவதும் இதற்குள்தான் இருக்கிறது. பிடிக்கக் கை இல்லை, கட்டவும் கூடாது.

அதற்கு நான் செய்து வைத்திருப்பதைச் சொல்கிறேன். முழங்கைக்குக் கீழே மிஞ்சியிருக்கும் பகுதியில் வெற்சூட் துணியில் தைத்த ஒரு பட்டி. அதன்மேல் பீ.வீ.சீ. குழாயை வெட்டிச் சூடுகாட்டி வளைத்த தகடு. தகட்டிலிருந்து விரல் நீளத்துக்கு ஒரு முளை வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். ஸ்பூல் அந்த முளையில்தான் சுழலும். முளையின் நுனியில் சைக்கிள் ரியூப்பில் மெல்லியதாக வெட்டிய ஒரு வளையம். ஸ்பூல் தானாகக் கழன்று விழாமல் பார்த்துக்கொள்வது அதுதான். கயிறு சிக்கிப் பலமாக இழுத்தால் கையைச் சரித்தால் போதும், வளையத்தைத் தள்ளிக்கொண்டு ஸ்பூல் கழன்று பறந்துவிடும். பை போகும், ஸ்பூல் போகும், நான் போக மாட்டேன்.

பையிலும் ஒரு சின்ன வேலை. வாயோரத்தில் விறைப்பான குழாய்த் துண்டொன்றை வளையமாக உள்ளே வைத்துத் தைத்திருக்கிறேன், அதனால் வாய் எப்போதும் திறந்தே இருக்கும், விரிக்கக் கை தேவையில்லை. பக்கத்தில் இரண்டு விரல் நுழையும் ஒரு காது. வலது கையால் அந்தக் காதைப் பிடித்துப் பையின் வாயை, வாயில் கடித்து மூச்சு விடும் ரெகுலேற்றரின் குமிழி வெளிவரும் பக்கத்துக்குக் கொண்டுபோய் மூச்சை விட்டால் குமிழிகள் நேரே பைக்குள் ஏறும். ஒக்டோபஸும் வேண்டாம், அது பையில் சிக்கும் பயமும் வேண்டாம். பாதி நிறைந்தால் போதும், மிச்சத்தை ஏறும் வழியில் கடலே பார்த்துக்கொள்ளும். விரலை எடுத்ததும் பை போய்விடும், வலது கை ஸ்பூலுக்கு வந்துவிடும். உள்ளே காற்றை மறிக்கும் மடிப்பு உள்ள பை என்றால் மேலே போய்ச் சரிந்தாலும் காற்றுக் கொட்டாது. அதைத்தான் வாங்கி வையுங்கள் என்கிறேன். கயிற்றைத் திருப்பிச் சுற்றுவது மட்டும் ஒற்றைக் கைக்கு இன்னும் பிடிபடாத வேலை. வள்ளத்தில் இருக்கும் தம்பியிடம் நீட்டினால் அவர் சுற்றட்டும், அதில் யாருக்கும் மானம் போகாது.

எனக்குப் பொருந்துவது இன்னொருவருக்குப் பொருந்த வேண்டுமென்றில்லை. பாரிசவாதம் வந்து ஒரு பக்கம் தளர்ந்தவருக்கு வேறு விதமாகச் செய்ய வேண்டியிருக்கும். அதனால்தான் ஆளைக் கேட்டு, தண்ணீரில் பார்த்து முடிவெடுங்கள் என்கிறேன். கலிபோர்னியாவில் 1981இல் தொடங்கிய மாற்றுத்திறனாளிச் சுழியோடிகள் சங்கம் வருகிறவரை மூன்று தரமாகப் பிரிக்கிறது. தன்னையும் துணையையும் எவ்வளவு தூரம் பார்த்துக்கொள்வார் என்பதுதான் அங்கே கணக்கு. யாருடன், எத்தனை துணையுடன் இறங்கலாம் என்பதையும் அதை வைத்தே சொல்லிவிடுகிறார்கள். கையையும் காலையும் எண்ணுவதில்லை.

இன்னொன்று. கையிருக்கும் உங்களுக்கும் கடலுக்குள் ஒரு கை அடிக்கடி இல்லாமல் போகும். நீரோட்டத்தில் நங்கூரக் கயிற்றைப் பிடித்திருப்பீர்கள். பதறிய துணையின் பட்டியைப் பிடித்திருப்பீர்கள். வெள்ளைக்காரர் கையில் கமரா இருக்கும். அப்போது மிச்சம் ஒரு கைதான். அந்த நேரத்துக்கு ஒரு தொகுதி வைத்திருப்பது எனக்குச் செய்யும் தருமம் இல்லை.

செலவு என்கிறீர்களா? டொலர் போகும் போக்கில் வெளிநாட்டுச் சாமானின் விலை எனக்கும் தெரியும். அதனால்தான் ரியூப், குழாய்த் துண்டு, தையற்காரர் என்று சொல்கிறேன். கடலட்டைக்கும் அலங்கார மீனுக்கும் இறங்கும் நம் பொடியன்களைப் பாருங்கள். பிளாஸ்டிக் கானைக் கயிற்றில் கட்டி மேலே மிதக்கவிட்டு வேலை செய்வார்கள். அவர்களிடம் போய் இது சர்வதேசத் தரமா என்று யாரும் கேட்கவில்லை. என்னிடம் மட்டும் கேட்கிறார்கள்.

கை எப்படிப் போனது என்றும் கேட்கிறார்கள். "டைனமைட்டா அண்ணன்?" என்று, வெடி போட்டு மீன் பிடிக்கப் போய்ப் போனதா என்ற அர்த்தத்தில், ஒருவர் சிரித்துக்கொண்டே கேட்டார். முப்பது வருடம் சண்டை நடந்த மண்ணில் நின்றுகொண்டு கேட்ட கேள்வி அது. இந்தக் கரையோரத்தில் கை இல்லாதவரையும் கால் இல்லாதவரையும் தேடி அலையத் தேவையில்லை. எங்களுக்குச் சட்டமும் உண்டு, மாற்றுத்திறனாளிகளின் உரிமைகளைக் காக்கும் 1996ஆம் ஆண்டின் 28ஆம் இலக்கச் சட்டம். அதே உரிமைகளுக்கான ஐ.நா. உடன்படிக்கையை நாடு 2016இல் ஏற்றுக்கொண்டும் விட்டது. அதன் பலனாக எங்கோ ஓர் அலுவலகத்தில் எங்களுக்கென்றே கைப்பிடி வைத்த கழிவறை ஒன்று கட்டியிருக்கிறார்கள். பூட்டியிருக்கிறது. திறப்பு லீவில் போன ஐயாவிடம் இருக்கிறதாம். ஹோட்டல் வாசலில் சக்கர நாற்காலிக்குச் சாய்வுப் பாதை உண்டு, அது முடியும் இடத்தில் மணல் தொடங்குகிறது, அதற்குப் பிறகு உங்கள் பாடு. கடல் மட்டும்தான் இதுவரை என்னிடம் ஒன்றும் கேட்காமல் இருந்தது. அதற்கும் இப்போது வாசற்காவல் வந்துவிட்டது.

சரி, கோபம் கொஞ்சம் கூடிவிட்டது. நீங்கள் கெட்டவர்கள் என்று நான் எழுதவில்லை. விபத்து நடந்தால் பதில் சொல்ல வேண்டியது நீங்கள், அந்தப் பயம் எனக்குப் புரிகிறது. அதனால் தயவாகவே கேட்கிறேன்: ஏப்ரலில் கடல் அடங்கிப் பருவம் தொடங்கும் முன், நிலையத்துக்கு ஒன்றாக ஒற்றைக் கை மிதவைத் தொகுதி செய்து வையுங்கள். உங்கள் வழிகாட்டிகள் ஒவ்வொருவரும் ஒரு கையைப் பட்டிக்குள் செருகிக்கொண்டு, முதலில் நீச்சல் குளத்திலும் பிறகு பாசிக்குடாவின் ஆழமில்லாத தண்ணீரிலும் அதை விட்டுப் பார்க்கட்டும். என்னுடையதை நான் கொண்டுவந்து தருகிறேன், அளவெடுத்துக்கொள்ளுங்கள், குறை கண்டால் திருத்துங்கள், முளை நீளம் கூடிவிட்டது என்று எனக்கே ஒரு சந்தேகம் இருக்கிறது. போட் ஓட்டிகளையும் கூப்பிடுங்கள், கயிறு சுற்றப் போவது அவர்கள்தான்.

பதிலை எழுதினாலும் சரி, கரையில் கண்டு சொன்னாலும் சரி. ஆம் என்றாலும் இல்லை என்றாலும் கேட்டுக்கொள்வேன். "பார்ப்போம் அண்ணன்" என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள்.

இப்படிக்கு,
கல்லடியிலிருந்து ஒரு சுழியோடி