மோதிவிட்டு ஓடிய வாகனமும் தெரியாமல் போன உரிமையும்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

எங்கள் தெருவுக்குப் பால் கொண்டுவரும் பெரியவரைச் சென்ற ஆண்டு விடியற்காலையில் ஒரு வாகனம் மோதிவிட்டு நிற்காமல் போய்விட்டது. கால் எலும்பு முறிந்து மூன்று மாதம் படுத்திருந்த அவரிடம், வண்டி எண் தெரியாததால் இழப்பீடு கேட்க வழியில்லை என்றே எல்லோரும் சொன்னோம். அது தவறு. மோட்டார் வாகனச் சட்டத்தின் 161ஆம் பிரிவின்படி, அடையாளம் தெரியாத வாகனம் மோதி இறந்தவரின் குடும்பத்துக்கு 2 லட்சம் ரூபாயும், எலும்பு முறிவு போன்ற கொடுங்காயம் அடைந்தவருக்கு 50,000 ரூபாயும் வழங்கும் திட்டம் 2022 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் உள்ளது. அறுவைச் சிகிச்சைச் செலவுக்கே காணாத தொகைதான். ஆனாலும் நீதிமன்றப் படி ஏறாமல், வருவாய்த்துறை விசாரணை அலுவலரிடம் மனு கொடுத்தே பெறலாம்.

ஒரு மாதத்துக்குள் வாகனம் அடையாளம் காணப்படாவிட்டால், இத்திட்டத்தைப் பற்றிக் காவல் நிலையப் பொறுப்பு அதிகாரியே பாதிக்கப்பட்டவருக்கு எழுத்து மூலம் தெரிவிக்க வேண்டும் என, கோவை எலும்பு மருத்துவர் ஒருவர் தொடுத்த பொதுநல வழக்கில் 2024 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டிருக்கிறது. பெரியவருக்கு அப்படியொரு கடிதம் வரவேயில்லை. முதல் தகவல் அறிக்கையின் நகலோடு இவ்விவரத்தையும் தமிழில் அச்சிட்டுக் கொடுக்கக் காவல்துறை ஏற்பாடு செய்ய வேண்டும்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்