அமராவதிநகர் வகுப்புத் தோழர்கள்: நினைவுத் தொகுப்பு

அன்பார்ந்த உறுப்பினர்களுக்கு வணக்கம்.

உடுமலைப்பேட்டையை அடுத்த அமராவதி அணைக்கு அருகில் 1962-இல் தொடங்கப்பட்ட நம் சைனிக் பள்ளியில் (படை அதிகாரிப் பணிக்கு மாணவர்களைத் தயார்செய்யும் உறைவிடப் பள்ளி), ஆறாம் வகுப்பில் பெட்டியோடு வந்து சேர்ந்து, பன்னிரண்டாம் வகுப்பு முடித்துப் பிரிந்த நம் தோழர்கள் ஒவ்வொருவரைப் பற்றியும் ஒரு பக்கம் எழுதித் தொகுக்க முடிவு செய்துள்ளோம். புனே அருகே கடக்வாஸ்லாவில் உள்ள, முப்படை அதிகாரிகளாகப் பயிற்சி தரும் தேசியப் பாதுகாப்பு அகாடமிக்குத் தேர்வானவர்களை எல்லோரும் நினைவில் வைத்திருக்கிறோம். தேர்வாகாமல் ஊர் திரும்பியவர்களைப் பற்றியும் அதே அக்கறையோடு எழுத வேண்டும். விடியற்காலை பி.டி.க்கு (உடற்பயிற்சி வகுப்புக்கு) முன் அடுத்தவரின் ஷூவுக்கும் பாலிஷ் போட்டுக் கொடுத்தவர், காய்ச்சலில் கிடந்தவருக்கு மெஸ்ஸிலிருந்து கஞ்சி வாங்கி வந்தவர் என்பன போன்ற செய்திகளே முதலில் வேண்டும். பதவியும் பட்டமும் பின்னால் வரட்டும். மறைந்த தோழர்களைப் பற்றி எழுதுமுன் குடும்பத்தாரின் சம்மதத்தைக் கட்டாயம் பெற்றுக்கொள்ளுங்கள். குறிப்புகளையும் பழைய படங்களையும் இம்மாத இறுதிக்குள் இக்குழுவிலேயே பகிருமாறு கேட்டுக்கொள்கிறேன்.