பாகமும் பேர்ச்சும்: வாடிக்கையாளர்களுக்கு ஒரு மடல்

அன்பானவர்களே, வணக்கம், அஸ்ஸலாமு அலைக்கும்.

வங்கி வீட்டுக்கடனுக்கு வேண்டிய காணிப் பத்திரங்களை மொழிபெயர்த்துச் சேர்த்துப் பைல் கட்ட எங்களிடம் வருகிறவர்கள் இப்போதெல்லாம் கதிரையில் உட்காரும் முன்பே கேட்கிறார்கள்: "நீங்க காணியக் குறைச்சு எழுதிப்போட்டீங்களாமே?" வாட்ஸ்அப்பில் சுற்றுகிற அந்தக் குரல் பதிவை நானும் கேட்டேன். பேசியவரை எனக்கு நன்றாகத் தெரியும். அவர் பெயர் இங்கே வேண்டாம். நடந்ததைச் சொல்கிறேன்.

அவர் கொண்டுவந்தது மனைவியின் சீதன உறுதி, அதாவது சீதனமாக வந்த காணியின் பத்திரம். மை மங்கி, மடிப்பில் கிழிந்து, டேப் ஒட்டிய மூன்று தாள். காணியின் அளவு அதில் பேர்ச்சில் இல்லை. நம் பக்கத்துப் பழைய உறுதிகளில் காண்கிறபடி, வடதென் 12 பாகம், கிழமேல் 8 பாகம் என்றுதான் இருந்தது. ஒரு பாகம் 6 அடி. ஆக 72 அடிக்கு 48 அடி, மொத்தம் 3456 சதுர அடி. ஒரு பேர்ச் 272.25 சதுர அடி என்றபடியால் ஏறக்குறைய 12.7 பேர்ச் வரும். இந்தக் கணக்கை ஒரு துண்டுத்தாளில் போட்டுக் கொடுத்தது நான்தான். வங்கிக்கு ஆங்கிலத்தில் மொழிபெயர்த்தபோதும் 12 பாகம், 8 பாகம் என்றே போனது. பிரதி எங்களிடம் இருக்கிறது, அவர் எந்த நேரமும் வந்து பார்க்கலாம்.

பிறகு வங்கி சொன்னபடி நில அளவையாளர் போய் அளந்தார். வந்தது 11.4 பேர்ச். முன்பக்க ஒழுங்கை அகன்றிருக்கிறது, பின்வேலியை எத்தனையோ தடவை பிரித்துக் கட்டியிருக்கிறார்கள். வங்கியின் மதிப்பீட்டாளர் நில அளவைப் படத்தில் உள்ளதைத்தான் எடுத்தார், கடன் தொகை குறைந்துவிட்டது. அந்தப் படம் அளவையாளரின் கையொப்பத்தோடு வருவது. அதில் நாங்கள் ஒரு புள்ளிகூட வைக்க முடியாது. வங்கியிடம் கொமிஷன் வாங்கினோம் என்றும் பதிவில் வருகிறது. எந்த வங்கியிடமும் ஒரு சதம் வாங்கியதில்லை. நீங்கள் தருகிற கூலிக்குப் பற்றுச்சீட்டு எழுதுகிறோம், எங்கள் வருமானம் அவ்வளவுதான்.

ஒன்றை ஒப்புக்கொள்கிறேன். 12.7 என்று எழுதிக் கொடுத்தபோது, "அளந்தால் மாறலாம்" என்று அழுத்திச் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. அந்தத் துண்டுத்தாளை நம்பி அவர் மேசனுக்கு முற்பணம் கொடுத்துவிட்டார். அது என் பிழை, அவர் வீட்டுக்குப் போய் மன்னிப்பும் கேட்டேன். ஆனால் காணியைக் குறைத்து எழுதினோம் என்பதை என்னால் ஏற்க முடியாது.

ஆகவே பழைய உறுதி வைத்திருப்பவர்கள் முதலில் அளந்து பாருங்கள், அப்புறம் மேசனிடம் பேசுங்கள். இன்னொன்று: நம்மூரில் வீடுவளவு பெண்பிள்ளைக்குப் போகிறது, நன்கொடை உறுதியில் தாய் தகப்பன் சீவிய உரித்தை, அதாவது உயிரோடு இருக்கும்வரை அனுபவிக்கும் உரிமையை, வைத்துக்கொள்கிறார்கள். கடனுக்காகக் காணியை ஈடு வைக்கும் ஈட்டு உறுதி எழுதும்போது வங்கியின் சட்டத்தரணி அவர்களையும் கையொப்பத்துக்குத் தேடுவார். அம்மா கனடாவில் அண்ணனோடு இருக்கிறா என்று கடைசி நாளில் சொன்னால், அவருக்குப் பதிலாக இன்னொருவர் கையொப்பமிட அதிகாரம் கொடுக்கும் அற்றோணித் தத்துவம் வந்து சேரும்வரை எல்லாரும் காத்திருக்க வேண்டியதுதான். காலமாகியிருந்தால் மரணச் சான்றிதழ் கொண்டு வாருங்கள். பேமிட் காணி, சுவர்ணபூமி, ஜயபூமி என்று அரசு கொடுத்த காணி என்றால் உறுதிக்காணி போல நினைத்த மாதிரி ஈடு வைக்க முடியாது, பிரதேச செயலகத்தில் முதலில் கேளுங்கள். 1978 சூறாவளியிலோ 2004 சுனாமியிலோ உறுதி போய்விட்டது என்று மனம் விடவும் வேண்டாம். உறுதி இலக்கமும் அதை எழுதிய நொத்தாரிசின் பெயரும் தெரிந்தால் காணிப் பதிவகத்தில் பிரதிக்கு விண்ணப்பிக்கலாம். அடையாள அட்டையில் ஒரு எழுத்துக்கூட்டல், உறுதியில் வேறொன்று என்றால், இரண்டும் ஒரே ஆள்தான் என்று சத்தியம் செய்து எழுதும் சத்தியக்கடதாசி தேவைப்படும், அதையும் முதல் நாளே சொல்லுங்கள்.

எங்களோடு 11 வருடம் வேலை செய்த தங்கச்சி கணவரோடு வெளிநாடு போய்விட்டா. மங்கிய தாளை ஜன்னல் வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்து வாசிப்பா. எல்லைக்காரரின் பெயரில் ஓர் எழுத்து விளங்காவிட்டால், பக்கத்து வளவு உறுதியை வாங்கிவரச் சொல்லி ஒப்பிட்டுப் பார்த்த பிறகுதான் டைப் பண்ண விடுவா. புதிதாக வந்த இரண்டு பிள்ளைகளும் கெட்டிக்காரர்கள், ஆனால் அந்தக் கண் வர நாள் எடுக்கும். அதுவரை ஒவ்வொரு பக்கத்தையும் நானே பார்க்கிறேன். ஐந்து நாளில் தந்த பைலுக்கு இப்போது இரண்டு கிழமை ஆகிறது, பேப்பரும் டோனரும் விலை ஏறியபடியால் வரும் முதலாம் திகதியிலிருந்து கூலியும் 4500 அல்ல, 6000 ரூபா.

2009 இல் ஒரு மேசையும் ஒரு கொப்பி மெஷினுமாகத் தொடங்கிய இடம் இது. கொக்கட்டிச்சோலையிலிருந்தும் களுவாஞ்சிகுடியிலிருந்தும் முதல் பஸ்ஸில் வந்து, கதவு திறக்கும்வரை படியில் காத்திருந்தவர்கள் நீங்கள். குரல் பதிவு பரவிய அன்று பின்னேரம் காத்தான்குடியிலிருந்து ஒரு நானா, நாங்கள் கட்டிக்கொடுத்த தன் பழைய பைலைத் தூக்கிக்கொண்டு வந்து, "ஆரும் கேட்டா இதக் காட்டுங்க" என்று மேசையில் வைத்தார். அன்று எனக்குப் பேச்சு வரவில்லை. நானா, உங்களுக்கும், இன்னும் எங்களைத் தேடி வருகிற ஒவ்வொருவருக்கும் மனமார்ந்த நன்றி.

நீங்கள் ஏற்கனவே எங்களிடம் தந்த பைல்களுக்குப் பழைய கூலிதான். அசல் உறுதியை எங்களிடம் விட்டுப் போக வேண்டாம், கொப்பி எடுத்த கையோடு வாங்கிக்கொள்ளுங்கள்.

இப்படிக்கு,
உரிமையாளர்,
புளியந்தீவு, மட்டக்களப்பு.