கொம்பின் எடை தெரியும், கம்பியின் உயரம் தெரியுமா?

மதிப்பிற்குரிய மாவட்ட வன அலுவலர் அவர்களுக்கும், மின் செயற்பொறியாளர் அவர்களுக்கும்,

வணக்கம். எந்தக் கொம்பனைப் பற்றி எழுதுகிறேன் என்று உங்கள் இருவருக்குமே தெரியும். ஓடைக்கு மேற்கே இரண்டு கம்பங்களுக்கு நடுவில் தொட்டில் மாதிரி தொங்குகிறதே, அந்த உயரழுத்தக் கம்பியில் அடிபட்டுச் செத்த யானைதான். அந்தக் கம்பியை உயர்த்திக் கட்டுங்கள் என்று ஊர் சார்பில் கொடுத்த மனுக்கள் உங்கள் இரண்டு அலுவலகங்களிலும் பத்திரமாக இருக்கின்றன. அதனால் முன்கதையை விட்டுவிடுகிறேன்.

பிரேதப் பரிசோதனை நடந்தபோது ஊர்க்காரர்களோடு நானும் நின்றிருந்தேன். கொம்புகளை அறுத்து எடுத்தார்கள். நீளம் அளந்தார்கள், சுற்றளவு அளந்தார்கள், தராசில் வைத்துக் கிராம் பிசகாமல் எடை எழுதினார்கள். மகஜரில் சாட்சிக் கையெழுத்தும் வாங்கினார்கள். சரி, தந்தம் கள்ளச் சந்தைக்குப் போய்விடக் கூடாது, சட்டம் அப்படி. அதில் எனக்குக் குறை இல்லை. ஆனால் அந்தக் கம்பி தரையிலிருந்து எவ்வளவு உயரத்தில் இருந்தது என்று ஒருவரும் டேப்பைப் பிடித்துப் பார்க்கவில்லை. கேட்டேன். "அது கரண்டுக்காரங்க சமாச்சாரம் சார்" என்றார் வனத்துறை ஊழியர். கரண்ட் ஆபீசில் கேட்டால், "காட்டோரத்துல புது போஸ்ட் நடணும்னா ஃபாரஸ்ட்ல அனுமதி தரணும்" என்றார்கள். யானை எந்தத் துறையின் கீழ் வருகிறது என்று கேட்க வாய் வந்தது, அடக்கிக்கொண்டேன். யானை தும்பிக்கையை உயர்த்தியதால் விபத்து நேர்ந்தது என்று அறிக்கையில் எழுதியிருப்பதாகச் சொல்கிறார்கள். நல்லவேளை, அதன் மேல் வழக்கு எதுவும் பதியவில்லை.

இன்னொன்றையும் யாரும் எழுதவில்லை. அதன் இரண்டு கன்னங்களிலும் மதநீர் வழிந்து காய்ந்த கறை இருந்தது. வயது நாற்பதைத் தாண்டியிருக்கும் என்றார் கால்நடை மருத்துவர். நாற்பது தாண்டிய, மதத்தில் இருந்த கொம்பன் என்றால் என்ன அர்த்தம் என்று சொல்லத்தான் இந்த மடல். நான் பள்ளியில் விலங்கியல் நடத்தி ஓய்வு பெற்றவன். இப்போது கொஞ்சம் ராகி போடுகிறேன். அந்த ராகியை இந்தக் கொம்பனே மேய்ந்ததும் உண்டு. அதனால் யானை பக்தியில் எழுதுகிறேன் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம்.

"ஒரு யானைதானே போச்சு, காட்டுல இன்னும் எவ்வளவோ இருக்கு" என்று உங்களில் ஒருவர் சொன்னதாகக் கேள்விப்பட்டேன். தலையை எண்ணிப் பார்த்தால் ஒன்றுதான். ஆனால் காட்டுக்கு அந்தக் கணக்குச் சரிவராது.

பெண் யானை 22 மாதம் சுமக்கிறது. கன்றை ஈன்று, பால் கொடுத்து ஆளாக்கி, அடுத்த கன்று ஈன நாலைந்து வருடம் ஆகிவிடும். அத்தனை காலத்தில் அது ஆணை ஏற்கும் நாட்கள் வெகு சில. அந்தச் சில நாட்களுக்காகத்தான் காட்டின் ஆண்கள் எல்லாம் போட்டி போடுகின்றன. டார்வின் 1871-ல் பாலினத் தேர்வைப் பற்றி விரிவாக எழுதியபோது இரண்டு வழிகளைச் சொன்னார். ஆண்கள் தங்களுக்குள் மோதி வெல்வது ஒன்று. பெண் பார்த்துத் தேர்ந்தெடுப்பது இன்னொன்று. யானையிடம் இரண்டும் உண்டு. ஆண் பெண்ணைவிட அவ்வளவு பெரிதாக இருப்பது, முப்பது வயது தாண்டியும் வளர்ந்துகொண்டே போவது, ஆசிய யானையில் ஆணுக்கு மட்டும் கொம்பு நீள்வது, மதம் பிடிப்பது எல்லாம் இந்தப் போட்டியும் தேர்வும் தலைமுறை தலைமுறையாகச் செதுக்கியவை.

மதம் என்றாலே வெறி என்று நம் செய்தித்தாள்கள் எழுதுகின்றன. உண்மையில் அது ஆண் யானை தன் உடல்நிலையைப் பற்றிக் காடு முழுக்கச் செய்யும் அறிவிப்பு. அந்தக் காலத்தில் அது சரியாகத் தின்னாது, நெடுந்தூரம் நடக்கும், எடை குறையும். உடம்பில் கையிருப்பு இல்லாத ஆணால் நீண்ட நாள் மதத்தில் தாக்குப்பிடிக்க முடியாது. அதனால்தான் அந்த அறிவிப்பை மற்ற யானைகள் நம்புகின்றன. ஆப்பிரிக்க யானைக்கும் மதம் உண்டு என்று ஜாய்ஸ் பூலும் சிந்தியா மாஸும் ஆய்விதழில் எழுதியது 1981-ல்தான். நம் சங்கப் புலவர்கள் அந்த மதநீரில் வண்டு மொய்ப்பதையே பாடி வைத்திருக்கிறார்கள். அது கிடக்கட்டும்.

அசாமின் காசிரங்காவில் யானை ஆய்வாளர்கள் கற்பகம் செல்லையாவும் ராமன் சுகுமாரும் ஆண் யானைகள் எதிரெதிர் நிற்பதைக் கவனித்து 2013-ல் எழுதினார்கள். யார் விலகுகிறது, யார் நிற்கிறது என்பதைப் பெரிதும் தீர்மானிப்பது மதம். அடுத்தது உடலின் அளவு. கொம்பு கடைசியில்தான் வருகிறது. அப்படியானால் கொம்பு வெறும் அலங்காரமா? அப்படியும் இல்லை. நம் முதுமலையிலேயே மிலிந்த் வாட்வேயும் சுகுமாரும் செய்த ஆய்வு 1997-ல் வந்தது. நீளக் கொம்பு உள்ள ஆண்களுக்குக் குடலில் ஒட்டுண்ணித் தொல்லை குறைவாக இருந்தது. அதாவது கொம்பு உடல்நலத்தின் அடையாளமாக இருக்கலாம். வாசனைக்கும் இதில் பங்கு உண்டு. மதநீரில் ஃப்ரான்டாலின் என்று ஒரு வேதிப்பொருள் இருக்கிறது. அதன் இரண்டு வடிவங்கள் கலந்திருக்கும் விகிதம் ஆணின் வயதோடு மாறும். மோந்து பார்க்கும் யானைக்கு, வந்திருப்பது விடலையா முதிர்ந்த ஆணா என்று தெரிந்துவிடும். உங்கள் மகஜரில் இல்லாத விவரமெல்லாம் அதற்கு ஒரு மூச்சில் கிடைத்துவிடுகிறது.

இனி கம்பிக்கு வருகிறேன். ஊருக்குள் பயிர் மேய வருவது ஏன் பெரும்பாலும் ஆண் யானை? உங்கள் ரேஞ்சருக்கும் இது தெரியும், பரணில் காவல் இருக்கும் எங்கள் ஊர்ப் பையன்களுக்கும் தெரியும். 1988-லேயே சுகுமாரும் மாதவ் காட்கிலும் இதற்கு ஒரு விளக்கம் சொன்னார்கள். பெண் யானைக்குக் கன்று இருக்கிறது, கூட்டம் இருக்கிறது, அது ஆபத்தை விலைகொடுத்து வாங்காது. ஆணுக்கோ உடம்பு பெருத்தால்தான் மதம் நீடிக்கும், மதம் நீடித்தால்தான் வாரிசு. அதனால் காட்டுப் புல்லைவிடச் சத்து மிகுந்த ராகிக்கும் கரும்புக்கும் உயிரைப் பணயம் வைக்கிறது. அதாவது போட்டிக்கு உடம்பைத் தேற்றுகிற ஆண்தான் இருட்டில் உங்கள் கம்பிக்குக் கீழே நடக்கிறது. பெரிய கொம்பன் தும்பிக்கையை உயர்த்தினால் சுமார் 6 மீட்டர் எட்டும். குட்டியும் பெட்டையும் தப்பிக்கிற உயரத்தில் தொங்கும் கம்பி, உயரமான ஆணை மட்டும் பிடித்துக்கொள்ளும். பெட்டைகள் தேர்ந்தெடுக்க வேண்டிய யானையை உங்கள் கம்பி முந்திக்கொண்டு தேர்ந்தெடுக்கிறது. அதனால்தான் கேட்கிறேன், கம்பியை உயர்த்துங்கள்.

மனிதன் நடுவில் புகுந்து ஆண்களைப் பொறுக்கி எடுத்தால் என்ன ஆகும் என்பதை நாம் புதிதாகக் கண்டுபிடிக்க வேண்டியதில்லை. பெரியாறு காட்டில் தந்த வேட்டைக்குப் பிறகு, 1980-களின் கடைசியில், வளர்ந்த பெட்டைகள் நூற்றுக்கும் மேல் இருக்க, வளர்ந்த ஆண் ஒன்று என்ற நிலை வந்தது. அங்கே தேர்வாவது போட்டியாவது. வேட்டைக்காரன் கொம்பில்லாத ஆணான மக்னாவை விட்டுவிட்டுக் கொம்பனைச் சுட்டான், மிஞ்சியவற்றின் ரத்தம் அடுத்த தலைமுறைக்குப் போயிற்று. தென்னிந்தியாவில் இன்னும் பெரும்பாலான ஆண்களுக்குக் கொம்பு இருக்கிறது. வடகிழக்கில் ஏறக்குறைய பாதிக்குத்தான். இலங்கையில் பத்தில் ஒன்றுக்குக்கூட இல்லை. கம்பி தந்தத்தைத் தேடுவதில்லை, ஒப்புக்கொள்கிறேன். அது உயரத்தையும் துணிச்சலையும் தேடுகிறது. அது இன்னும் மோசம்.

"போனால் போகட்டும், பயிர் மிஞ்சும்" என்று நினைக்கும் எங்கள் ஊர்க்காரர்களுக்கும் ஒரு வார்த்தை. தென்னாப்பிரிக்காவின் பிலானஸ்பர்க்கில், பெரிய ஆண்கள் இல்லாமல் வளர்ந்த இளம் ஆண் யானைகளுக்கு வயதுக்கு முன்பே மதம் பிடித்தது. 1990-களில் அவை நாற்பதுக்கும் மேற்பட்ட வெள்ளைக் காண்டாமிருகங்களைக் கொன்றன. 1998-ல் க்ரூகர் காட்டிலிருந்து ஆறு முதிர்ந்த ஆண்களைக் கொண்டுவந்து விட்டார்கள். இளசுகளின் மதம் அடங்கியது, கொலையும் நின்றது. இங்கே எங்கள் கொம்பன் போன பிறகு, கொம்பு முளைத்து அதிக காலம் ஆகாத பயல்கள் சேர்ந்து வருகின்றன. பெரியது ராகியைத் தின்னும், போய்விடும். இவை தின்பதைவிட மிதிப்பது அதிகம்.

2023 மார்ச்சில் தருமபுரி மாவட்டம் மாரண்டஅள்ளி அருகே சட்டவிரோத மின்வேலியில் மூன்று யானைகள் செத்தன. அதே மாதம் கம்பைநல்லூர் பக்கம் ஓர் ஆண் யானை மின்கம்பியில் அடிபட்டது. அந்த ஆண்டே மின்வேலிகளைப் பதிவு செய்ய விதிகள் வந்தன. நல்ல விதிகள். என் வேலிக்கு நான் பதிவு செய்ய வேண்டும், நீங்கள் வந்து சோதிக்கலாம். மகிழ்ச்சி. அரசின் சொந்தக் கம்பியை யார் வந்து சோதிப்பது? மதுக்கரை ரயில் பாதையில் யானை வருவதைக் காட்டிக்கொடுக்கச் செயற்கை நுண்ணறிவுக் கேமராக்கள் வைத்திருக்கிறார்கள், பாராட்ட வேண்டிய வேலை. எங்கள் ஓடைக்கு அவ்வளவு அறிவு தேவையில்லை. நடுவில் ஒரு கம்பம் போதும். அப்புறம், ஆகஸ்ட் 12 உலக யானைகள் தினத்துக்குப் பள்ளிப் பிள்ளைகளிடம் படம் வரையச் சொல்கிறீர்கள், போட்டிக்கு நடுவராக என்னையும் அழைக்கிறீர்கள். பிள்ளைகள் வரைகிற யானைகள் எல்லாம் தும்பிக்கையைத் தூக்கிக்கொண்டுதான் நிற்கின்றன. அறிக்கை எழுதியவரிடம் அந்தப் படங்களைக் காட்டலாமா?

கோரிக்கைக்கு வருகிறேன். தயவுசெய்து அந்தக் கம்பியை உயர்த்திக் கட்டுங்கள். இரண்டு துறையும் ஒரே நாளில், ஒன்றாக, ஓடையிலிருந்து வனச் சோதனைச் சாவடி வரை லைன் ஓரமாக நடந்து, தொய்ந்த இடமெல்லாம் உயரம் அளந்து எழுதுங்கள். இனி ஏதாவது ஆண் யானை இறந்தால், கொம்பின் எடைக்குப் பக்கத்திலேயே கம்பியின் உயரத்தையும், அது மதத்தில் இருந்ததா என்பதையும் பதியுங்கள். அதற்குப் புதுப் படிவம் தேவையில்லை, மகஜரில் இரண்டு வரிக்கு இடம் இருக்கிறது.

ராகி கதிர் பிடிக்கும் முன் இது முடிய வேண்டும். பிடித்துவிட்டால் யானையும் வரும், இருட்டில் லைன்மேனும் ஏற மாட்டார். அனுமதிதான் தடை என்றால் அதற்கும் வழி சொல்கிறேன். புதுக் கம்பத்தைக் காட்டு எல்லைக்குள் நட வேண்டாம். ஓடைக்கு இந்தப் பக்கம் என் பட்டா நிலத்தின் மேற்கு வரப்பில் நட்டுக்கொள்ளுங்கள். இழப்பீடு கேட்க மாட்டேன். ஒப்புதல் கடிதத்தில் கையெழுத்துப் போட்டு, சிட்டா நகலோடு இரண்டு அலுவலகத்துக்கும் இந்த மடலுடனேயே அனுப்பியிருக்கிறேன். பெற்றுக்கொண்டதற்கு ஒரு ரசீதாவது தரும்படி பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற விலங்கியல் ஆசிரியர், மலையடிவார விவசாயி