புளி போட்டுத் தேய்த்த சொம்பு

அன்பு நண்பா,

உன் கடிதம் வந்து பத்து நாளாகிறது. முழங்கால் வலி குறைந்ததில் சந்தோஷம்; மாடிப்படியைக் கொஞ்ச நாளைக்கு மறந்துவிடு. நானோ மாடியே கதி என்று கிடக்கிறேன். வாட்டர் கலரை மூட்டை கட்டிவிட்டு ஆயில் பெயின்டிங்கில் இறங்கிவிட்டேன்.

எடுத்துக்கொண்டது பெரிய விஷயம் ஒன்றுமில்லை. அம்மாவின் பித்தளைச் சொம்பு, இரண்டு பெரிய வெங்காயம், மடித்துப் போட்ட காடாத்துணி. வடக்கு ஜன்னல்தான் நல்லது, நேர் வெயில் விழாது என்பார்கள். ஐரோப்பாவுக்குச் சரி. நம் ஊரில் ஆனி மாதம் சூரியன் வடக்கே சாய்ந்துவிடுகிறதே! காலை ஏழு மணிக்கே ஒரு கீற்று வந்து சொம்பின் கழுத்தில் உட்கார்ந்துகொண்டது. பழைய வேட்டியை ஜன்னலில் கட்டிய பிறகுதான் நிழல் ஒரு நிலைக்கு வந்தது.

முதல் நாள், டர்பன்டைனில் நீர்க்கக் கரைத்த ரா அம்பர் என்ற மண் பழுப்பு நிறத்தால் இருட்டையும் வெளிச்சத்தையும் மட்டும் பிரித்தேன். எண்ணெய் எப்போது காய்வது என்று கேட்டிருந்தாய். இந்தப் பெயின்டில் கலந்திருக்கும் ஆளிவிதை எண்ணெய் தண்ணீர் மாதிரி ஆவியாவதில்லை. காற்றிலுள்ள ஆக்ஸிஜனை இழுத்து இறுகுகிறது. அம்பரில் மாங்கனீசு இருப்பதால் சீக்கிரம் இறுகிவிடும். ஒன்றின் மேல் ஒன்றாகப் பூசும்போது, மேல் பூச்சுக்குப் போகப்போக எண்ணெயைக் கூட்ட வேண்டும். மாற்றிச் செய்தால் பின்னாளில் வெடிப்பு விடும்.

சொம்பில்தான் மாட்டிக்கொண்டேன். ட்யூபிலிருந்து மஞ்சளைப் பிதுக்கி அப்படியே பூசினால் பிளாஸ்டிக் குடம் மாதிரி பல்லைக் காட்டியது. கண்ணைச் சுருக்கிப் பார்த்தேன். மஞ்சள் ஒரு விரல் அகலம்கூட இல்லை. வயிற்றில் பச்சை கலந்த பழுப்பு, அடியில் வெங்காயத்தின் செம்மை, தோளில் ஜன்னலின் வெளிறிய நீலம். அந்த நீலத்தை வைத்ததும்தான் பித்தளை பித்தளையானது.

நடுவில் ஒரு கல்யாணத்துக்காக நான்கு நாள் வெளியூர். திரும்பி வந்தால் வெங்காயம் முளைவிட்டிருந்தது, போகட்டும். வீட்டுக்காரி சொம்பைப் புளி போட்டுத் தேய்த்து, பளபளவென்று அதே இடத்தில் வைத்திருக்கிறாள், எனக்கு உதவி செய்வதாக நினைத்து! இத்தாலியில், பொலோனா ஊரில், ஜார்ஜோ மொராண்டி (1890–1964) என்றொருவர் சாடிகளையும் பாட்டில்களையுமே வாழ்நாளெல்லாம் வரைந்தார், படிந்த தூசியோடு. கல்யாணம் செய்துகொள்ளாமல் மூன்று தங்கைகளோடு இருந்தவர். அந்தத் தங்கைகளுக்குப் புளியின் மகிமை தெரிந்திருக்காது.

சொம்பு மங்கும்வரை காத்திருப்பதா, பளபளப்பையே வரைவதா தெரியவில்லை. எதற்கும், உன் வீட்டுப் பரணில் கறுத்த சொம்பு ஏதாவது கிடந்தால் யாரையும் தொடவிடாதே. அடுத்த வாரம் வருகிறேன்.

அன்புடன்,
உன் பழைய பெஞ்சுத் தோழன்